நிருவகிக்கப்பட்ட நலப்பேணல் நிறுவனங்களின் தகவல் முறைமைகள்

நிருவகிக்கப்பட்ட நலப்பேணல் நிறுவனங்களின் தகவல் முறைமைகள் என்பவை, உறுப்பினர்களிடமிருந்து முன்கூட்டியே ஒரு குறித்த கட்டணத்தைப் பெற்றுக்கொண்டு அவர்களது மருத்துவத் தேவைகளைக் கவனிக்கும் பொறுப்பை ஏற்கும் நிறுவனங்கள் பயன்படுத்தும் கணினி முறைமைகள் ஆகும். ஆங்கிலத்தில் மேனேஜ்டு கேர் என வழங்கப்படும் இவ்வகைக் காப்பீடு ஐக்கிய அமெரிக்காவிலேயே பெரிதும் வளர்ந்தது. எனவே இம்முறைமைகளும் அந்நாட்டின் சட்டங்களையும் வணிக வழக்கங்களையும் ஒட்டியே அமைந்துள்ளன. இக்கட்டுரையில் இத்தகைய நிறுவனங்கள் சுருக்கமாகத் திட்டங்கள் எனக் குறிக்கப்படுகின்றன.

மருத்துவமனைத் தகவல் முறைமைகளிலிருந்து இவை வேறுபட்டவை. மருத்துவமனையின் கணினி, ஒரு நோயாளிக்கு என்ன செய்யப்பட்டது என்பதைப் பதிவு செய்கிறது. திட்டத்தின் கணினியோ, அவர் அந்த நாளில் உறுப்பினரா, மருத்துவர் திட்டத்துடன் ஒப்பந்தம் செய்தவரா, அச்சிகிச்சைக்கு அனுமதி உண்டா, செலவில் யாருடைய பங்கு எவ்வளவு ஆகிய கேள்விகளுக்கு விடை கூறுகிறது. இவ்விடைகளில் நேரும் பிழை கணக்குப் பிழையாக மட்டும் நின்றுவிடுவதில்லை. மருந்துக் கடைக்கு வந்த ஒருவர் மருந்தின்றித் திரும்புவதற்கும் அதுவே காரணமாகலாம்.

பின்னணி

முன்கூட்டியே பணம் பெற்று மருத்துவம் அளிக்கும் முறைக்கு அடிக்கடி காட்டப்படும் எடுத்துக்காட்டு கலிபோர்னியாவின் மொகாவே பாலைவனத்தில் தொடங்குகிறது. 1933-இல் சிட்னி கார்ஃபீல்டு என்னும் இளம் அறுவை மருத்துவர், கொலராடோ ஆற்று நீரை லாஸ் ஏஞ்சலஸ் பகுதிக்குக் கொண்டுசெல்லும் கால்வாய்ப் பணியில் ஈடுபட்டிருந்த தொழிலாளர்களுக்காக அங்கு ஒரு சிறு மருத்துவமனையை நடத்தினார். சிகிச்சைக்குப் பின் பணம் பெறும் வழக்கமான முறையில் மருத்துவமனை நட்டமடைந்தது. பின்னர் ஒரு தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 5 சென்ட் என முன்கூட்டியே பெறும் ஏற்பாடு செய்யப்பட்டபோது நிலைமை மாறியது. நோயாளிகள் மிகுந்தால் வருமானம் மிகும் என்ற நிலை போய், நோயாளிகள் குறைந்தால் பணம் மிஞ்சும் என்ற நிலை வந்தது. தொழிலகங்களின் உரிமையாளரான ஹென்றி கைசருடன் கார்ஃபீல்டு இணைந்து வளர்த்த திட்டம் 1945-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இன்று அது கைசர் பெர்மனன்டே என்ற பெயரில் இயங்குகிறது.

ஹெல்த் மெயின்டனன்ஸ் ஆர்கனைசேஷன், அதாவது நலம் பேணும் அமைப்பு, என்ற பெயரைப் பால் எல்வுட் என்னும் மருத்துவர் 1970-ஐ ஒட்டி முன்வைத்தார். இவ்வமைப்புகளை ஊக்குவிக்கும் சட்டத்தில் குடியரசுத் தலைவர் ரிச்சர்டு நிக்சன் 1973 டிசம்பர் 29 அன்று கையொப்பமிட்டார். புதிய அமைப்புகளுக்கு மானியமும் கடனும் அளித்த இச்சட்டம், ஊழியர்களுக்கு மருத்துவக் காப்பீடு வழங்கிவந்த, 25 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்கள், கூட்டரசின் தகுதி பெற்ற இத்தகைய அமைப்பு தம் பகுதியில் இருப்பின் அதனையும் ஒரு தெரிவாக அளிக்கவேண்டும் எனப் பணித்தது.

சாதாரணக் காப்பீட்டில், வந்த பட்டியலுக்குப் பணம் கொடுத்தால் வேலை முடிந்தது. முன்பணம் பெற்றுப் பொறுப்பேற்கும் நிறுவனமோ தன் உறுப்பினர்கள் யார், அவர்களுக்கு என்ன நோய், அடுத்த ஆண்டு என்ன செலவாகும் என்பவற்றை எப்போதும் அறிந்திருக்கவேண்டும். இங்கு தகவல் முறைமை ஒரு துணைக்கருவி அன்று. நிறுவனத்தின் தொழிலே அதுதான் எனலாம்.

தொடக்ககாலக் கணினிமயமாக்கம்

கைசர் பெர்மனன்டேயின் முதல் மருத்துவர்களுள் ஒருவரான மோரிஸ் காலன், மருத்துவம் பயிலும் முன் மின்பொறியியலில் பட்டம் பெற்றவர். 1960-களில் இவர் உறுப்பினர்களுக்கான பல்நிலை உடற்பரிசோதனையைக் கணினியுடன் இணைத்தார். ஒருவர் பரிசோதனை நிலையங்களை ஒவ்வொன்றாகக் கடந்து செல்ல, முடிவுகள் கணினியில் திரண்டன. மருத்துவத் தகவலியலின் முன்னோடிகளில் ஒருவராக இவர் மதிக்கப்படுகிறார்.

கிழக்குக் கரையில், பாஸ்டனின் ஹார்வர்டு கம்யூனிட்டி ஹெல்த் பிளான் என்னும் திட்டத்துக்காக மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் ஆக்டோ பார்னெட் குழுவினர் காஸ்டார் என்னும் மின்னணுப் புறநோயாளர் பதிவேட்டை உருவாக்கினர். அதே மருத்துவமனையில் பிறந்த மம்ப்ஸ் என்னும் நிரல்மொழி இதற்குப் பயன்பட்டது. இம்மொழியின் வழிவந்த மென்பொருள்கள் இன்றும் அமெரிக்க மருத்துவமனைகள் பலவற்றில் இயங்குவது குறிப்பிடத்தக்கது.

காஸ்டார் முறைமையைக் கொண்டு செய்யப்பட்டு 1978-இல் வெளியான ஓர் ஆய்வு இத்துறையின் இயல்பை நன்கு விளக்குகிறது. தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நுண்ணுயிர் இருப்பதாகச் சோதனையில் தெரிந்தவர்களுக்கு உரிய மருந்து தரப்பட்டதா எனக் கணினி கண்காணித்தது. தரப்பட்டதற்கான பதிவு இல்லையெனில் மருத்துவருக்கு நினைவூட்டல் அனுப்பியது. நினைவூட்டல் இருந்த காலத்தில் விடுபடல்கள் குறைந்தன. நினைவூட்டல் நிறுத்தப்பட்டதும் பழைய நிலையே திரும்பியது. மருத்துவர்களின் அறிவு இடையில் மாறவில்லை. மாறியது அவர்களுக்கு எட்டிய தகவல் மட்டுமே.

உறுப்பினர் பதிவும் தகுதிநிலையும்

திட்டமொன்றின் முறைமையில் மிக எளிதாகத் தோன்றி மிகுந்த தொல்லை தரும் பகுதி உறுப்பினர் பதிவேடாகும். ஒருவர் உறுப்பினரா இல்லையா என்பது ஆம், இல்லை என்ற இரு விடைகளில் அடங்கும் கேள்வி போலத் தோன்றும். நடைமுறையில் அக்கேள்வி எப்போதும் ஒரு நாளுடன் சேர்ந்தே கேட்கப்படுகிறது.

எடுத்துக்காட்டாக, ஒருவர் மார்ச் 15 அன்று வேலையை விட்டு விலகுகிறார். அன்றுடன் அவரது காப்பீடும் முடிகிறது எனக் கொள்வோம். அவர் பணியாற்றிய நிறுவனம் இச்செய்தியை ஏப்ரல் நடுவிலேயே திட்டத்துக்கு அனுப்புகிறது. இடையில் மார்ச் 20 அன்று அவருடைய குழந்தை மருத்துவரிடம் சென்றது; அன்று மருத்துவரின் பணியாளர் கணினியில் பார்த்தபோது உறுப்பினர் என்றே விடை வந்தது; பணமும் கொடுக்கப்பட்டது. ஏப்ரலில் செய்தி வந்தபின் அதே கேள்விக்கு அதே நாளுக்கான விடை மாறிவிடுகிறது. திட்டம் கொடுத்த பணத்தை மருத்துவரிடமிருந்து திரும்பக் கேட்கிறது, மருத்துவர் குடும்பத்துக்குப் பட்டியல் அனுப்புகிறார்.

பிறந்த குழந்தைகளின் நிலை இதற்கு நேர்மாறானது. ஊழியர் குழுக் காப்பீட்டில், குழந்தையைச் சேர்க்கக் குறைந்தது 30 நாள்கள் அவகாசம் தரப்படவேண்டும் என்றும், அவ்வாறு சேர்த்தால் பிறந்த நாளிலிருந்தே காப்பீடு செல்லும் என்றும் அமெரிக்கச் சட்டம் கூறுகிறது. ஆகவே தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் குழந்தையின் பட்டியல், அக்குழந்தையின் பெயர் பதிவேட்டில் ஏறும் முன்பே வந்துசேரலாம். அத்தகைய பட்டியலைக் காத்திருக்க வைக்காமல் உறுப்பினர் அல்லர் என உடனே திருப்பி அனுப்பும் முறைமை, விதிப்படி நடந்தும் தவறே செய்கிறது.

இக்காரணங்களால் நன்கு வடிவமைக்கப்பட்ட தரவுத்தளம் ஒவ்வொரு பதிவிலும் இரு காலங்களை வைத்திருக்கும். ஒன்று, ஒரு செய்தி எந்த நாள் முதல் எந்த நாள் வரை உண்மை என்பது. மற்றொன்று, அச்செய்தியைத் திட்டம் எந்த நாளில் அறிந்தது என்பது. பழைய வரியை அழித்துப் புதியதை எழுதும் தரவுத்தளத்தால், அன்றைய நாளில் நாங்கள் ஏன் ஆம் என்றோம் என்ற கேள்விக்கு விடை கூற இயலாது. வழக்கு மன்றத்திலும் மேல்முறையீட்டிலும் கேட்கப்படுவது பெரும்பாலும் அக்கேள்வியே.

ஆளை அடையாளம் காண்பதிலும் சிக்கல் உண்டு. 1996-ஆம் ஆண்டின் ஹிப்பா சட்டம் ஒவ்வொருவருக்கும் தனித்த நல அடையாள எண் ஒன்றை உருவாக்கப் பணித்தது. ஆனால் தனிமறைவு பற்றிய அச்சத்தால் அதற்கான நிதியை 1998-இல் நாடாளுமன்றம் தடுத்துவிட்டது. எனவே பெயர், பிறந்த நாள், முகவரி ஆகியவற்றைக் கொண்டே பதிவுகள் ஒப்பிடப்படுகின்றன. குடும்பப் பெயர் என ஒன்று இல்லாத தமிழர் பெயர்கள் இவ்வொப்பீட்டில் இடர்ப்படுவது இயல்பே. ஒரு படிவத்தில் தந்தை பெயர் கடைசிப் பெயராகவும், வேறொன்றில் முதலெழுத்தாக மட்டும் சுருங்கியும் இருந்தால், ஒரே ஆள் கணினிக்கு இருவராகத் தெரியலாம்.

சேவை வழங்குநர் பதிவேடு

மருத்துவர்கள், மருத்துவமனைகள், ஆய்வகங்கள் முதலியோர் பற்றிய பதிவேடு இது. இவர்கள் ஒவ்வொருவருக்கும் 10 இலக்கங்களைக் கொண்ட தேசிய அடையாள எண் உண்டு. கட்டணக் கோரிக்கைகளில் இதனைப் பயன்படுத்துவது 2007 மே 23 முதல் பெரும்பாலான திட்டங்களுக்குக் கட்டாயமாயிற்று. எண்ணின் கடைசி இலக்கம் பிழையறி இலக்கமாகும். கடன் அட்டை எண்களில் பயன்படும் லூன் வாய்பாடே இங்கும் பயன்படுகிறது. கணக்கிடும்போது எண்ணின் முன் 80840 சேர்த்துக்கொள்ளப்படும். தட்டச்சில் ஓர் இலக்கம் மாறினால் கணினி உடனே கண்டுகொள்ளும். மருத்துவர் முகவரி மாறியதையோ புதிய நோயாளிகளை ஏற்பதில்லை என்பதையோ எந்த இலக்கமும் கண்டுகொள்ளாது. திட்டங்களின் மருத்துவர் பட்டியல்களில் பழைய செய்திகள் தேங்கிக் கிடப்பது நெடுநாளைய முறைப்பாடு ஆகும்.

கட்டணக் கோரிக்கையும் அதன் தீர்வும்

மருத்துவர் அனுப்பும் பட்டியல் கிளெயிம், அதாவது கட்டணக் கோரிக்கை, எனப்படும். அதனை ஆராய்ந்து யார் எவ்வளவு செலுத்துவது என முடிவு செய்வது கோரிக்கைத் தீர்வு ஆகும். கோரிக்கையில் நோய் ஒரு குறியீடாகவும் செய்த சிகிச்சை மற்றொரு குறியீடாகவும் இருக்கும். 2015 அக்டோபர் 1 அன்று அமெரிக்கா நோய்க் குறியீட்டின் பத்தாம் பதிப்புக்கு மாறியபோது, ஏறத்தாழ 14,000 ஆக இருந்த நோய்க் குறியீடுகள் 68,000 அளவுக்குப் பெருகின.

தீர்வின் போக்கை ஒரு கற்பனைக் கணக்கின் மூலம் விளக்கலாம். மருத்துவர் 1,200 டாலர் கேட்கிறார். ஒப்பந்த விலை 700 டாலர். மீதி 500 டாலரை ஒப்பந்த மருத்துவர் நோயாளியிடம் கேட்க இயலாது. அது தள்ளுபடி ஆகிறது. உறுப்பினர் ஆண்டுதோறும் முதலில் தாமே செலுத்தவேண்டிய டிடக்டிபிள் என்னும் தொகையில் இன்னும் 300 டாலர் பாக்கி உள்ளது. அது போக நிற்கும் 400 டாலரில் 20 விழுக்காடு உறுப்பினரின் பங்கு எனில், அது 80 டாலர். ஆக உறுப்பினர் 380 டாலரும் திட்டம் 320 டாலரும் செலுத்துகின்றனர்.

கணக்கு எளிது. ஆனால் அந்த 300 டாலர் பாக்கி என்பது கோரிக்கைகள் வந்துசேரும் வரிசையைப் பொறுத்தது. ஒரே அறுவை மருத்துவத்துக்கு அறுவை மருத்துவர், மயக்க மருத்துவர், ஆய்வகம், மருத்துவமனை ஆகிய நால்வரும் தனித்தனியே கோரிக்கை அனுப்புவர். எவருடைய கோரிக்கை முதலில் வருகிறதோ அவருக்கே உறுப்பினர் தம் 300 டாலரைச் செலுத்தவேண்டியிருக்கும். பின்னர் அம்முதல் கோரிக்கை திருத்தப்பட்டால் அடுத்து வந்தவை அனைத்தையும் மீண்டும் கணக்கிடவேண்டும். நோயாளியின் கைக்கு ஒரே சிகிச்சைக்கு ஐந்தாறு விளக்கக் கடிதங்கள் வருவதும், அவற்றுள் ஒன்று மற்றொன்றை மறுப்பதும் பெரும்பாலும் இதனாலேயே.

பெரும்பாலான கோரிக்கைகள் மனிதர் எவரும் பாராமலேயே கணினியால் தீர்க்கப்படுகின்றன. எஞ்சியவை நிறுத்தி வைக்கப்பட்டுப் பணியாளரிடம் செல்லும். ஒரு கோரிக்கையைக் கையால் தீர்ப்பது கணினி தீர்ப்பதைவிடச் செலவு மிக்கது என்பதால், தன்னியக்கத் தீர்வின் விழுக்காட்டை உயர்த்துவதே இம்மென்பொருள்களை விற்போர் முன்வைக்கும் முதல் விளம்பரமாக உள்ளது. தவறான விதியொன்று உள்ளே எழுதப்பட்டிருப்பின் அதே தவறு அதே வேகத்தில் பல்லாயிரம் முறை நிகழும்.

முன் அனுமதி

செலவு மிக்க சிகிச்சைகளுக்கும் மருந்துகளுக்கும் திட்டத்திடம் முன்கூட்டியே ஒப்புதல் பெறவேண்டும். தேவையற்ற சிகிச்சையைத் தவிர்ப்பது இதன் நோக்கமாகக் கூறப்படுகிறது. அது பொய்யன்று. ஆயினும் மறுப்பினால் மிஞ்சும் பணம் மறுப்பவரிடமே தங்குகிறது என்பதும் உண்மையே. கார்ஃபீல்டு கண்ட ஏற்பாட்டின் மறுபக்கம் இது.

முறைமை, கோரப்பட்ட சிகிச்சையை இன்டர்குவால், எம்.சி.ஜி. போன்ற மருத்துவ அளவைத் தொகுப்புகளுடனோ திட்டம் தானே எழுதிய விதிகளுடனோ ஒப்பிடுகிறது. தேவையான சான்றுகள் நோயாளியின் மருத்துவப் பதிவேட்டில் உள்ளன. அப்பதிவேடு வேறொரு நிறுவனத்தின் கணினியில் உள்ளது. இவ்விடைவெளியை நிரப்பத் தொலைநகலும் தொலைபேசியுமே நெடுங்காலம் பயன்பட்டன.

முதியோருக்கான அரசுக் காப்பீடு மெடிக்கேர் ஆகும். அதன் பயன்களைத் தனியார் திட்டங்கள் மூலம் வழங்கும் மெடிக்கேர் அட்வான்டேஜ் பிரிவில், 2023-ஆம் ஆண்டளவில் தகுதியுடைய முதியோரில் பாதிக்கு மேற்பட்டோர் சேர்ந்திருந்தனர். அமெரிக்க நலத்துறையின் தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகம் இத்திட்டங்களின் 2019-ஆம் ஆண்டு மறுப்புகளில் ஒரு மாதிரியை எடுத்து ஆராய்ந்து 2022 ஏப்ரலில் அறிக்கை வெளியிட்டது. மறுக்கப்பட்ட முன் அனுமதிகளில் 13 விழுக்காடு மெடிக்கேர் விதிகளின்படி ஏற்கப்பட்டிருக்க வேண்டியவை. மறுக்கப்பட்ட கட்டணக் கோரிக்கைகளில் 18 விழுக்காடு அவ்வாறே. மெடிக்கேர் விதிகளில் இல்லாத அளவைகளைத் திட்டங்கள் பயன்படுத்தியதும், ஏற்கெனவே பதிவேட்டில் இருந்த சான்றைப் போதாது என்றதும் முன் அனுமதி மறுப்புகளுக்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. கட்டண மறுப்புகளுக்குச் சொல்லப்பட்ட காரணங்கள் பொறியியல் மாணவர் கவனிக்கத்தக்கவை: கையால் ஆராய்ந்தபோது நேர்ந்த பிழைகளும், கணினி சரியாக நிரல்படுத்தப்படாததால் அல்லது புதுப்பிக்கப்படாததால் நேர்ந்த பிழைகளும். அதாவது, எவரும் மறுக்க விரும்பாமலேயே சில கோரிக்கைகள் மறுக்கப்பட்டன.

2024 சனவரியில் மெடிக்கேர் நடுவண் அமைப்பு புதிய விதியை வெளியிட்டது. அதன்படி மெடிக்கேர் அட்வான்டேஜ் உள்ளிட்ட திட்டங்கள் 2026 முதல், மருந்து தவிர்ந்த அவசரக் கோரிக்கைகளுக்கு 72 மணி நேரத்திலும் பிறவற்றுக்கு 7 நாள்களிலும் முடிவு கூறவேண்டும். மறுத்தால் காரணத்தையும் கூறவேண்டும். மருத்துவரின் மென்பொருள் நேரடியாகத் திட்டத்தின் கணினியிடம் கேட்பதற்கான இடைமுகங்களை அமைக்கப் பெரும்பாலும் 2027 சனவரி 1 வரை தவணை தரப்பட்டது. மறுப்புகளை முன்கணிப்பு மென்பொருள்களிடம் ஒப்படைப்பது குறித்தும் சட்டங்கள் வந்துள்ளன. கலிபோர்னியாவில் 2025 சனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த சட்டம், மருத்துவத் தேவை இல்லை என மறுக்கும் முடிவைச் செயற்கை அறிவு மென்பொருள் எடுக்கக்கூடாது, தகுதி பெற்ற மருத்துவ வல்லுநரே எடுக்கவேண்டும் என்கிறது.

தலைவீதக் கட்டணம்

சில திட்டங்கள் மருத்துவருக்கு ஒவ்வொரு சிகிச்சைக்கும் பணம் தருவதில்லை. அவரிடம் பதிந்துள்ள உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் மாதந்தோறும் ஒரு தொகை என வழங்குகின்றன. இது கேப்பிட்டேஷன் அல்லது தலைவீதக் கட்டணம் எனப்படும். உறுப்பினர் 1,800 பேர், தலைக்கு 30 டாலர் எனில் மாதம் 54,000 டாலர். கோரிக்கையே இல்லாததால் வேலை குறையும் எனத் தோன்றும். ஆனால் கோரிக்கை இல்லையெனில் தகவலும் இல்லை. பணம் எப்படியும் வரும் என்ற நிலையில், பார்த்த நோயாளிகளின் விவரத்தை அனுப்ப மருத்துவருக்குத் தூண்டுதல் இல்லை. ஆகவே பல திட்டங்கள் விவரம் அனுப்புவதை ஒப்பந்த நிபந்தனை ஆக்குகின்றன.

அரசு திட்டத்துக்குத் தரும் தொகையிலும் இதே தலைவீத முறை உண்டு. நோயுற்றோரைத் திட்டங்கள் தவிர்க்காதிருக்க, உறுப்பினரின் நோய்க் குறியீடுகளைப் பொறுத்துத் தொகை கூட்டப்படுகிறது. மெடிக்கேரில் இப்போதைய இடர்ச் சீராக்க முறையின் அடிப்படை 2004-இல் நடைமுறைக்கு வந்தது. நல்ல நோக்கமுடைய இவ்வேற்பாட்டின் விளைவாக, பழைய பதிவேடுகளில் விடுபட்ட குறியீடுகளைத் தேடியெடுக்கும் மென்பொருள்கள் ஒரு தனித் தொழிலாக வளர்ந்தன.

ஆக்ஸ்ஃபோர்ட் நிகழ்வு, 1997

1984-இல் தொடங்கப்பட்டு, கனெக்டிகட் மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்டு நியூயார்க் பகுதியில் விரைந்து வளர்ந்த ஆக்ஸ்ஃபோர்ட் ஹெல்த் பிளான்ஸ், 1996-இல் புதிய கணினி முறைமைக்கு மாறியது. உறுப்பினர் தொகை பெருகிக்கொண்டிருந்த வேளையில் நிகழ்ந்த இம்மாற்றம் சீராக நடைபெறவில்லை. வாடிக்கையாளர்களுக்குப் பட்டியல்கள் மாதக்கணக்கில் தாமதமாயின. மருத்துவர்களுக்குப் பணம் செல்லவில்லை.

காப்பீட்டு நிறுவனம் ஒவ்வொரு காலாண்டிலும், நிகழ்ந்துவிட்ட ஆனால் இன்னும் கணக்குக்கு வராத சிகிச்சைகளின் செலவை முன்னைய கோரிக்கைகளைக் கொண்டு மதிப்பிட்டு ஒதுக்கி வைக்கும். கோரிக்கைகள் தேங்கிக் கிடந்தால் செலவு குறைந்ததைப் போன்ற தோற்றம் உண்டாகும். ஆக்ஸ்ஃபோர்டு தன் செலவைக் குறைவாகவும் வருவாயைக் கூடுதலாகவும் மதிப்பிட்டிருந்தது. இது வெளிப்பட்ட 1997 அக்டோபர் 27 அன்று அதன் பங்கு விலை ஒரே நாளில் 62 விழுக்காடு சரிந்தது. பின்னர் 2004-இல் யுனைடெட் ஹெல்த் குழுமம் இதனை வாங்கியது. பணம் வராத சிறு மருத்துவர்கள் கடன் வாங்கித் தம் பணியாளர்களுக்கு ஊதியம் தர நேர்ந்ததை அக்காலச் செய்திகள் பதிவு செய்தன.

சீர்தரங்கள்

1990-களில் அமெரிக்காவில் மின்னணுக் கோரிக்கைகளுக்கு ஏறத்தாழ 400 வடிவங்கள் வழக்கில் இருந்தன. ஹிப்பா சட்டத்தின் கீழ் எக்ஸ்12 அமைப்பின் செய்தி வடிவங்கள் கட்டாயமாக்கப்பட்டன. நீட்டிக்கப்பட்ட இறுதி நாள் 2003 அக்டோபர் 16. இவை எண்களாலேயே அறியப்படுகின்றன. உறுப்பினர் சேர்க்கை 834, தகுதிநிலை பற்றிய கேள்வி 270, அதன் விடை 271, முன் அனுமதி 278, கோரிக்கை 837, பணம் தந்த விளக்கம் 835. மேம்பட்ட பதிப்பு 2012 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

எழுத்தெண்ணிக்கை மிச்சப்படுத்தும் நோக்குடன் உருவான இச்செய்திகள் மனிதர் படிப்பதற்கு உகந்தவை அல்ல. மருத்துவத் தரவுக்கென எச்.எல்.7 அமைப்பு உருவாக்கிய ஃபயர் என்னும் சீர்தரம் இணைய நுட்பங்களைத் தழுவியது. 2020-இல் வெளியான மெடிக்கேர் அமைப்பின் விதி, உறுப்பினர்கள் தம் தரவைத் தாம் விரும்பிய செயலியில் பெறுவதற்கு இச்சீர்தரத்தையே பணித்தது. அவ்விதி 2021 சூலை 1 முதல் செயற்படுத்தப்பட்டது.

திரண்ட தரவின் பயன்

ஒரே மக்கள்தொகையின் பல்லாண்டுத் தரவு ஓரிடத்தில் இருப்பதன் பயனுக்கு வயாக்ஸ் மருந்தின் வரலாறு சிறந்த சான்று. அமெரிக்க உணவு மருந்து நிருவாகத்தைச் சேர்ந்த டேவிட் கிரகாம் குழுவினர், கைசர் பெர்மனன்டேயின் ஏறத்தாழ 14 இலட்சம் உறுப்பினர்களின் பதிவுகளை ஆராய்ந்து, இவ்வலிநீக்கி மருந்து மாரடைப்பு வாய்ப்பை மிகுவிப்பதாக 2004 ஆகத்தில் தெரிவித்தனர். தன் சொந்த ஆய்விலும் இடர் வெளிப்பட்டதையடுத்து மெர்க் நிறுவனம் அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று மருந்தைத் திரும்பப் பெற்றது. யாருக்கு என்ன மருந்து வழங்கப்பட்டது, பின்னர் அவருக்கு என்ன நேர்ந்தது ஆகிய இரண்டையும் ஒரே நிறுவனம் அறிந்திருந்ததால் இவ்வாய்வு இயன்றது. கைசர் பிற்பாடு 2010-இல் முழுமையாக நிறுவிய மின்னணுப் பதிவேட்டுக்கு ஏறத்தாழ 400 கோடி டாலர் செலவாயிற்று.

சேஞ்ச் ஹெல்த்கேர் தாக்குதல், 2024

ஆயிரக்கணக்கான மருத்துவர்களும் நூற்றுக்கணக்கான திட்டங்களும் ஒருவரோடொருவர் நேரடியாகப் பேசுவதில்லை. கிளியரிங் ஹவுஸ் எனப்படும் இடைநிலை நிறுவனங்கள் செய்திகளைப் பெற்று உரியவரிடம் சேர்க்கின்றன. இவற்றுள் மிகப் பெரியவற்றில் ஒன்றான சேஞ்ச் ஹெல்த்கேர், ஆண்டுக்கு 1,500 கோடிச் செய்திகளைக் கையாண்டுவந்தது. 2022 அக்டோபரில் இதனை யுனைடெட் ஹெல்த் குழுமம் வாங்கியது.

2024 பிப்ரவரி 12 அன்று, திருடப்பட்ட கடவுச்சொல்லைக் கொண்டு தொலைநுழைவு வாயில் ஒன்றின் வழியாகத் தாக்குநர்கள் உட்புகுந்தனர். அவ்வாயிலில் இரண்டாம் படி அடையாளச் சோதனை இருக்கவில்லை. ஒன்பது நாள்களுக்குப் பின், பிப்ரவரி 21 அன்று, கோப்புகள் பூட்டப்பட்டன. நிறுவனம் தன் முறைமைகளைத் துண்டித்தது. நாடெங்கும் மருந்துக் கடைகளில் தகுதிநிலையைச் சோதிக்க இயலவில்லை. அமெரிக்க மருத்துவமனைகள் சங்கம் மார்ச்சில் ஏறத்தாழ ஆயிரம் மருத்துவமனைகளிடம் கேட்டபோது, 74 விழுக்காட்டினர் நோயாளிகளின் சிகிச்சை நேரடியாகப் பாதிக்கப்பட்டதாகக் கூறினர். 2 கோடியே 20 இலட்சம் டாலர் பிணைத்தொகை செலுத்தப்பட்டதைத் தலைமை நிருவாகி ஆண்ட்ரூ விட்டி 2024 மே 1 அன்று நாடாளுமன்றக் குழுவிடம் ஒப்புக்கொண்டார். பாதிக்கப்பட்டோர் ஏறத்தாழ 19 கோடிப் பேர் என 2025 சனவரியில் மதிப்பிடப்பட்டது.

செய்தி வடிவம் ஒன்றானதால் எந்த இடைநிலை நிறுவனத்துக்கும் மாறிக்கொள்ளலாம் என்பது சீர்தரங்களின் எதிர்பார்ப்பு. ஒவ்வொரு மருத்துவரும் ஒவ்வொரு திட்டத்துடனும் புதிதாகப் பதிவு செய்யவேண்டியிருந்ததால், மாறுவதற்குப் பலருக்கு வாரக்கணக்கில் ஆயிற்று.

தமிழகத்துடனான தொடர்பு

1994-இல் சென்னையில் டன் அன்ட் பிராட்ஸ்ட்ரீட் குழுமத்தின் உட்பிரிவாகத் தொடங்கப்பட்ட காக்னிசன்ட் நிறுவனம், 2014-இல் டிரைசெட்டோ நிறுவனத்தை 270 கோடி டாலருக்கு வாங்கியது. பல அமெரிக்கத் திட்டங்கள் கோரிக்கைத் தீர்வுக்குப் பயன்படுத்தும் ஃபேசட்ஸ், கியூ.என்.எக்ஸ்.டி. ஆகியவை டிரைசெட்டோவின் மென்பொருள்களாகும்.

கோரிக்கையின் மறுமுனையிலும் தமிழகத்தார் உள்ளனர். சென்னையிலும் பிற நகரங்களிலும் இயங்கும் மெடிக்கல் பில்லிங் அலுவலகங்கள் அமெரிக்க மருத்துவர்களின் சார்பில் குறியீடு இடுவதையும், மறுக்கப்பட்ட கோரிக்கைகளைப் பின்தொடர்வதையும் செய்கின்றன. அமெரிக்க அலுவல் நேரத்தை ஒட்டி இரவில் திட்டங்களைத் தொலைபேசியில் அழைக்கும் இப்பணியாளர்களுக்கு 835 செய்தியில் வரும் மறுப்பு எண்கள் மனப்பாடம். 16 என்றால் கோரிக்கையில் தகவல் குறைவு அல்லது பிழை. 27 என்றால் காப்பீடு முடிந்தபின் செய்த செலவு. 29 என்றால் கோரிக்கை அனுப்பும் காலம் கடந்தது. 197 என்றால் முன் அனுமதி இல்லை. வேலையை விட்டவரின் குழந்தைக்கு மார்ச் 20 அன்று நடந்த சிகிச்சை, இவர்களது திரையில் 27 என்ற எண்ணாகத் தோன்றும்.